அத்தையின் ஓப்பல் லடி: வைத்துக்கொள்வதா, திருப்பிவிடுவதா?

2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. பெங்களூர் அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து அத்தை காலை எட்டரைக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தார்.

"இதை வச்சுக்கலாமா, குடுத்துடலாமா? உங்க மாமாவுக்கு இன்னும் தெரியாது."

டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு மணிமாலை, ஓப்பல் என்ற நிறக்கல்லில் கோத்தது. அதைச் சுற்றி மாத்திரை டப்பாக்களில் வருமே, "சாப்பிடக் கூடாது" என்று எழுதிய வெள்ளைப் பொட்டலங்கள், அவை நான்கு. ஈரம் பட்டு மாலை கெட்டுவிடக் கூடாதென்று அத்தை சேர்த்து வைத்தவை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பொட்டலத்தில் இருப்பது சிலிக்கா ஜெல். ஓப்பலும் வேதியியல்படி அதே வகைதான்: படிக ஒழுங்கில்லாத சிலிக்கா, உள்ளே கொஞ்சம் நீர். அண்ணனின் ஈரத்தை உறிஞ்சத் தம்பியை உட்கார வைத்திருந்தார். முதல் வேலையாகப் பொட்டலங்களை எடுத்து வெளியே போட்டேன்.

நான் பதினாறு வருடம் நிறக்கல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவள். சொந்தக்காரர்கள் கல் மோதிரத்தோடு வருவது புதிதில்லை. பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இது பதினோரு நாள் இழுத்தது. அப்புறம் ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு முறை என் மேஜைக்கே திரும்பியும் வந்தது. முதல் முறை நான் சொன்ன யோசனை தப்பு என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பொருளும் பில்லும்

நகரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த நகைக் கண்காட்சியில் 4-ஆம் தேதி வாங்கியது. 17 அங்குல நீளம். வியாபாரத்தில் இதை 'லடி' என்பார்கள், ஒரு சரம். மொத்தம் 162 மணிகள். பட்டை தீட்டிய, சற்றே தட்டையான உருண்டைகள். கழுத்தின் பின்பக்கம் 3 மில்லிமீட்டரில் தொடங்கி முன்பக்கம் ஐந்தரை வரை படிப்படியாகப் பெருத்துப் போகும். அடிநிறம் வெள்ளையும் தேனும் கலந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் பச்சை, ஆரஞ்சு, ஒரு சில மணிகளில் நல்ல சிவப்பு. எடை 38 கேரட்டுக்குச் சற்று மேல், அதாவது எட்டு கிராம்கூட இல்லை. தங்க முலாம் பூசிய வெள்ளிக் கொக்கி. விலை 19,800 ரூபாய். உதிரியாக இரண்டு மணிகளைச் சிறு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பில்லில் "இயற்கை ஓப்பல் மணி, ஒரு சரம்" என்று மட்டும் இருந்தது. பதினைந்து நாளுக்குள் திருப்பினால் முழுப் பணம்; நூல் மாற்றியிருக்கக் கூடாது, சீட்டு அறுந்திருக்கக் கூடாது. விற்றவர் வாயால் சொன்னது "ஆஸ்திரேலியா கல்லு மேடம்".

கெடு முடிவது பிப்ரவரி 18. அன்றைக்குச் சிவராத்திரி என்பதை அத்தைதான் கவனித்துச் சொன்னார்.

நாக்கும் தம்ளரும்

என் கையைக் கட்டிப்போட்டது அந்தத் திருப்பும் நிபந்தனை. ஓப்பலைச் சோதிக்க எளிய வழி தண்ணீர். ஆனால் சரத்தை நனைத்தால் நூலும் நனையும், நாளைக்குக் கடைக்காரர் அதையே காரணமாகச் சொல்வார். உதிரி மணிகள் இல்லாவிட்டால் திணறியிருப்பேன்.

உதிரியில் ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லை நாக்கில் வைத்து விளையாடியவர்களுக்குத் தெரியும், அது எச்சிலை உறிஞ்சிக்கொண்டு பச்சக்கென்று ஒட்டும். இந்த மணியும் அப்படியே ஒட்டியது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவை காலியாகவும் இருக்கின்றன என்று அதற்குப் பொருள்.

அப்புறம் அதைத் தராசில் வைத்தேன். 0.40 கேரட். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு இருவரும் இட்லி சாப்பிட்டோம். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மணி கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தது. பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. எடுத்துத் துடைத்து எடை போட்டேன்: 0.44. தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்திருந்தது.

"கல்லு செத்துப் போச்சேடி" என்றார் அத்தை.

சாகவில்லை. மறுநாள் மாலைக்குள் நிறம் முழுதாகத் திரும்பிவிட்டது. பெங்களூரில் பிப்ரவரிக் காற்று அவ்வளவு வறண்டது.

ஆனால் நிறம் எங்கே போனது என்ற கேள்வியை அத்தை விடுவதாக இல்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், "அது அப்படித்தான்" என்றால் ஏற்க மாட்டார். ஓப்பலுக்குள் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் கடைப் பழக்குவியல் போல வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 150 முதல் 300 நானோமீட்டர் குறுக்களவு. அந்த வரிசை ஒளியைச் சிதறடிக்கும்போது சிறிய உருண்டைகள் நீலத்தையும் பெரியவை சிவப்பையும் காட்டும். உருண்டைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரை இந்த வேலை நடக்கும். அங்கே தண்ணீர் புகுந்தால் உருண்டைக்கும் இடைவெளிக்கும் ஒளி வளையும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், ஒளி நேரே போய்விடும். நனைந்த மல் வேட்டி உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுப்பதும் இதே காரணத்தால்தான். வேட்டி உதாரணம் அத்தைக்குப் போதுமானதாக இருந்தது.

இதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. சி.வி. ராமன் கல் பைத்தியம். அவர் தேடித் தேடிச் சேர்த்த கனிமங்களும் மணிக்கற்களும் சதாசிவநகர்ப் பக்கம் இருக்கும் அவருடைய ஆய்வுக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 1953-இல் அவரும் உடன் ஆய்வாளர் ஜெயராமனும் ஓப்பலின் நிறத்துக்குக் காரணம் என்ன என்று ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். உள்ளே மெல்லிய அடுக்குகள் இருப்பதாக அவர்கள் கருதினார்கள். அடுக்கு இல்லை, உருண்டை என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பார்த்துச் சொன்னது 1964-இல். ராமனே தப்பாகச் சொன்ன கல் என்றதும் அத்தைக்கு அந்த மாலை மேல் மரியாதை கூடிவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, கல் எங்கிருந்து வந்தது? கூபர் பீடி, லைட்னிங் ரிட்ஜ் போன்ற ஆஸ்திரேலியச் சுரங்கங்களின் ஓப்பல் பொதுவாக இப்படித் தண்ணீர் குடிக்காது. இது எத்தியோப்பியாவின் வெலோ பகுதிக் கல். எரிமலைப் பாறையில் உருவானது. 2008-இல்தான் அங்கே பெரிய அளவில் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து வரும் கற்களில் ஏராளமானவை ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டு, துளையிடப்பட்டு, இதே மாதிரி லடிகளாக உலகம் முழுக்கப் போகின்றன. தரமான ஆஸ்திரேலிய ஓப்பலை இந்த நிறத்தில், இந்த நீளத்துக்கு, இருபதாயிரத்துக்கு யாரும் தர மாட்டார்கள். வெலோ என்று பார்த்தால் விலை நியாயம்தான். ஆக, சரக்கு நல்ல சரக்கு, சொன்ன ஊர் பொய்.

விற்றவரைப் போனில் பிடித்தேன். "ஆஸ்திரேலியா கல்லுன்னு நான் சொல்லல மேடம், ஆஸ்திரேலியா மாதிரி ஃபயர்னுதான் சொன்னேன்" என்றார். ஃபயர் என்றால் கல்லைத் திருப்பும்போது மின்னும் நிறம். பொய்யாகச் சொல்லி விற்பது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றச்சாட்டுக்கு உரியதுதான். ஆனால் வாயால் சொன்னதற்குச் சாட்சி அத்தை மட்டுமே, பில்லில் நாட்டின் பெயரே இல்லை. கல் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்த நாடு, நிறம் ஏற்றியதா இல்லையா என்பதை பில்லில் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம்.

துளையைச் சுற்றி

இயற்கைக் கல்லா என்ற சந்தேகம் சீக்கிரம் தீர்ந்தது. செயற்கை ஓப்பலில் நிறத்திட்டுகள் பல்லியின் தோல் போலச் சீரான கட்டங்களாகத் தெரியும். இதில் திட்டுகள் ஒழுங்கில்லாமல், மணிக்கு மணி வேறாக இருந்தன. 'ஓப்பலைட்' என்று விற்கும் கண்ணாடி மணியில் நிறமே விளையாடாது, பால் நீலமாக மினுங்கும், அவ்வளவுதான். சாயம் ஏற்றியிருந்தால் துளையின் ஓரத்திலும் கீறலிலும் நிறம் அடர்ந்து தேங்கும். அப்படி எதுவும் இல்லை.

நேரம் பிடித்தது துளைகள்தான். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் என்ற கைக்கண்ணாடியை வைத்து 162 மணிகளையும் இரண்டு பக்கமும் பார்த்தேன். இரண்டு மாலைப் பொழுது போனது. மணிமாலையில் கல்லின் பலவீனம் துளையில்தான். ஊசி மாதிரியான துரப்பணம் நுழைந்து வெளியேறும் இடத்தில் சில்லு பெயரும், அந்தச் சில்லிலிருந்து விரிசல் கிளம்பும். ஏழு மணிகளில் சின்னச் சில்லு. இரண்டில் துளையிலிருந்து பக்கவாட்டில் மயிரிழை விரிசல் ஓடியது. அந்த இரண்டும் வருடம் தாண்டாது என்று குறித்துக்கொண்டேன். கோத்திருந்தது மெல்லிய நைலான் நூலில், நடுவில் ஒரு முடிச்சுகூட இல்லை. எங்காவது அறுந்தால் அத்தனை மணியும் தரையில். அல்சூர் வீட்டில் இன்னும் மொசைக் தரை. ஓப்பல் அதில் விழுந்தால் பொறுக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அத்தையின் நோட்டு

கல்லைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்தாகிவிட்டது. போட்டுக்கொள்கிறவரைப் பற்றித் தெரியாமல் முடிவெடுக்க முடியாது. மூன்று நாள் உங்கள் கழுத்தில் என்னென்ன படுகிறது என்று எழுதி வையுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். கணக்கு டீச்சர் நேரம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். முதல் நாள் பக்கத்திலிருந்து:

"5.40 குளியல், மஞ்சள். 6.10 தலைக்கு எண்ணெய், சீப்பு, கொண்டை. 6.30 சாமி, சந்தனம், பூ. 6.50 குக்கர் மூன்று விசில், குனிந்து பார்த்தேன். 7.40 தாளிப்பு. 9.00 பவுடர். 9.15 பேத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். 11.00 மாடியில் துணி உலர்த்தினேன், வெயில், வியர்வை. நாள் முழுக்க தாலிக்கொடி, அதில் ஊக்கு இரண்டு."

அந்தக் கடைசி வரியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாலிக்கொடியில் ஊக்கு மாட்டாத வீடு நம்மில் குறைவு. தங்கம் மிருதுவானது, ஓப்பலைக் கீறாது. எஃகு ஊக்கு அப்படியில்லை. கற்களின் கடினத்தைப் பத்துப் படிகளில் சொல்லும் மோஸ் அளவில் ஓப்பல் ஐந்தரை முதல் ஆறரைதான். கடினமான எஃகு அதற்குச் சமமாக நிற்கும். சாதாரணத் தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலோ ஏழு. அதனால்தான் ஓப்பலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது, புழுதியே தேய்த்துவிடும். ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

குக்கர் ஆவி, தாளிப்புப் புகை, அடுப்புச் சூடு என்று சமையலறை வரிகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டேன். 6.10-ஐ நான் கோடிடவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, இப்போது எடுத்துப் பார்த்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஓப்பல் சுக்கிரனுக்கு உகந்தது, வைரம் வாங்க முடியாதவர்கள் போடுவது. வெள்ளிக்கிழமை காலை பசும்பாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து எடுத்துப் போட்டால் பலன். அத்தை பால் வாங்கி வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். வைரத்தைப் பாலில் போடலாம், மாணிக்கத்தைப் போடலாம், ஒன்றும் ஆகாது. தண்ணீர் குடிக்கும் கல் பாலையும் குடிக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், பாலில் கரைந்திருப்பது உள்ளேயே தங்கும். பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

என் சிபாரிசு

பிப்ரவரி 16 அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இயற்கைக் கல், நிறம் நன்று, விலை சரி. ஒன்பது மணிகளில் குறை. நூல் மோசம். போட்டுக்கொள்கிறவர் தினமும் போட விரும்புகிறார், அவருடைய நாளோ இந்தக் கல்லுக்கு ஆகாதது. மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். ஆகவே திருப்பிவிடலாம்.

'மறுவிற்பனை பூஜ்யம்' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். நம் ஊரில் நகைக்கடைக்காரர் பழைய நகையை எடுக்கும்போது கல்லைக் கழித்துத்தான் எடை போடுவார். வங்கியில் நகைக்கடன் வாங்கினாலும் அதே கதை. தங்கமே இல்லாத மணிச்சரத்தை இரண்டு இடத்திலும் கையால்கூடத் தொட மாட்டார்கள். ஒருவர் தன் ஓய்வூதியத்தில் இருபதாயிரத்தைப் போடுகிறார் என்றால் இதைச் சொல்வது என் கடமை என்று நினைத்தேன்.

அத்தை தாளைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குக் கல்யாணத்துல போட்டது பதினெட்டுப் பவுன். உனக்குத் தெரியும்ல? உங்க மாமாவுக்கு வேலை போனப்ப வளையல் போச்சு. மீட்டோம். உன் அத்தான் இன்ஜினியரிங் சேரும்போது எல்லாமே போச்சு. அதுல பாதிதான் திரும்பி வந்துச்சு. நாத்தனார் கல்யாணத்துக்கு என் நெக்லஸை வச்சாங்க. ஒரு நகையைக் கழுத்துல போட்டா, இது எத்தனைக்குப் போகும்னு மனசு கணக்குப் போடுது. எனக்கு மட்டுமா? வீட்ல எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கண்காட்சியில அந்தப் பையன்கிட்ட மொதல்ல நான் கேட்டதே அதான். இதை அடகு வைக்க முடியுமாப்பான்னு. முடியாது மேடம், யாரும் வாங்க மாட்டாங்கன்னான். சரி, பேக் பண்ணுன்னு சொல்லிட்டேன்."

பதினாறு வருடத்தில் எத்தனையோ பேருக்கு வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லியிருக்கிறேன். மதிப்பில்லை என்பதற்காக ஒருவர் வாங்கியதைப் பார்த்தது அப்போதுதான். என் தாளில் கழித்தல் பக்கம் இருந்த வரியை அத்தை கூட்டல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். மற்ற வரிகள் அப்படியே இருந்தன. நான் என் சிபாரிசை மாற்றவில்லை. அவரும் என்னை மாற்றச் சொல்லவில்லை.

சிவராத்திரி அன்று மாலை சோமேஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றபடியே எனக்குப் போன் செய்தார். "வச்சுக்கறேன். நூலு மட்டும் நல்லதா மாத்திக் குடு."

விற்றவரிடம் இரண்டு விரிசல் மணிகளின் படத்தை அனுப்பிப் பேசினேன். திருப்பித் தருகிறேன் என்றால் எடுத்துக்கொண்டிருப்பார். வைத்துக்கொள்கிறேன், குறைக்கு என்ன செய்வீர்கள் என்றதும் இறங்கி வந்தார். மாற்றாக நான்கு மணிகள் கூரியரில் வந்தன, ஆயிரத்தைந்நூறு ரூபாயும் திரும்பியது. குறையுள்ள ஒன்பதை நீக்கி, வந்த நான்கையும் உதிரி இரண்டையும் சேர்த்து 159 மணிகள். நகரத்பேட்டையில் முத்து, பவளம் கோத்துத் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் விரல் நகத்தால் தடவிப் பார்த்து, இது நூலை அறுக்கும், இது அறுக்காது என்று பிரித்தார். ஐந்து மணிக்கு ஒரு முடிச்சு வைத்துப் பட்டு நூலில் கோத்துக் கொடுத்தார்.

மூன்று விதிகளை அத்தை ஒப்புக்கொண்டார். சமையல் முடிந்த பிறகுதான் மாலை. தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள் விட்டு ஊக்கைக் கழற்றிய பிறகுதான் மாலை. இரவில் கழற்றி ஈரத்துணியால் ஒற்றி, பஞ்சு வைத்த டப்பாவில், பொட்டலம் எதுவும் இல்லாமல்.

2024 செப்டம்பர்

பத்தொன்பது மாதம் கழித்துப் பிள்ளையார் சதுர்த்திக்குப் போயிருந்தபோது அத்தையின் கழுத்தில் மாலை இருந்தது. முன்பக்கம் பார்க்கவே அழகாக இருந்தது. விதிகளை ஒன்றுகூட அவர் மீறவில்லை. கொழுக்கட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் பிடரிப் பக்கம் கண்ணில் பட்டது. கொக்கிக்கு இரண்டு புறமும் மணிகள் பழைய பியானோக் கட்டை மாதிரி மஞ்சள் அடித்து, சில பழுப்பாகவே மாறியிருந்தன. நிறவிளையாட்டு மங்கிப்போயிருந்தது.

தேங்காய் எண்ணெய். காலை 6.10. மாலையைப் போடுவது பத்து மணிக்குத்தான், ஆனால் கொண்டை பிடரியில்தானே உட்கார்ந்திருக்கிறது? எண்ணெய் நாள் முழுக்க அங்கிருந்து இறங்கும், வியர்வையும் சேரும். போதாக்குறைக்கு, படிப்படியாகச் சிறுத்துப்போகும் மாலையில் மிகச் சிறிய மணிகள் இருப்பதும் அங்கேதான். சின்ன மணி சீக்கிரம் ஊறும். லூப் வைத்து 162 மணிகளைப் பார்த்தவளுக்கு மாலையில் ஒரு முன்பக்கமும் ஒரு பின்பக்கமும் இருக்கிறது, இரண்டும் இருவேறு இடத்தில் வாழ்கின்றன என்பது தோன்றவில்லை.

ஒரு பழுப்பு மணியை மட்டும் கழற்றி மூடி போட்ட குப்பியில், எண்ணெயைக் கரைக்கும் அசிட்டோனில் ஊறவைத்துப் பார்த்தேன். நிறம் ஒரு படி வெளுத்தது, அதற்கு மேல் அசையவில்லை. மற்றவற்றை அப்படிச் செய்து பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

பிடரிப் பக்கத்து மணிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான்கு அங்குலம் சங்கிலி வைத்தால் போதும் என்று அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் பட்டால் சங்கிலிக்கு என்ன ஆகப்போகிறது? இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். வைத்துக்கொள்வதா, திருப்புவதா என்ற இரண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததில் மாலையை மாற்றிக் கட்டலாம் என்ற எண்ணமே வரவில்லை.

"மெல்லிசா தங்கச் சங்கிலி போட்டுடலாம் அத்தை, நாலு கிராம் போதும்."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நகரத்பேட்டைப் பெரியவர் கறுப்புப் பட்டுக்கயிறு போட்டுக் கொடுத்தார். அழுக்கானால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கயிறுக்கு எண்பது ரூபாய்.

எதுவரை வெட்டுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. நல்ல பழுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, லேசாக எண்ணெய் ஏறியது தெரியாது. அத்தையின் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. நாக்கில் ஒட்டும் கதையை அத்தை அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறார். துளைகளில் எண்ணெய் அடைத்துவிட்டால் மணி நாக்கில் ஒட்டாது. நூலைப் பிரித்து, மணிகளை வரிசை மாறாமல் தாம்பாளத்தில் அடுக்கி, சோப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் மேலே துடைத்து, ஒரு நாள் உலரவிட்டோம். அவள் சப்பணமிட்டு உட்கார்ந்து கொக்கிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். ஒட்டல, ஒட்டல, ஒட்டல. அத்தை பக்கத்தில் அதே பழைய நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் 22 மணிகள், வலது பக்கம் 26. ஏன் வலது பக்கம் நான்கு கூடுதல் என்று நாங்கள் யோசிப்பதற்குள் பேத்தி எழுந்து அத்தையின் பின்னால் போய் நின்று சொன்னாள், "பாட்டி, உன் கொண்டை கோணலா இருக்கு."